ஒரே டிஷ், இரண்டு செட்டாப் பாக்ஸ், ஒரு பழைய ஆண்டெனா: வீட்டு வயரிங்கில் உதவி தேவை

கேள்வி (குடியாத்தத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு தரைத்தளமும் மாடியும் கொண்டது. மொட்டை மாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ்ஷிலிருந்து ஒரே ஒரு கேபிள் சுவருக்குள் பதித்த குழாய் வழியாக மாடிப்படிக்குக் கீழே இறங்கி, அங்கே ஒரு ஸ்பிளிட்டரில் பிரிந்து, ஹாலுக்கு ஒன்றும் மாடி அறைக்கு ஒன்றுமாகப் போகிறது. இரண்டு இடத்திலும் தனித்தனி செட்டாப் பாக்ஸ் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாக ரீசார்ஜ் செய்கிறோம்.

ஹாலில் அம்மா சில சேனல்களை வைத்தால், மாடியில் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும் செய்திச் சேனல் 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிடுகிறது. அம்மா வேறு சேனலுக்குப் போனால் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. எல்என்பியை (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் பகுதி) மாற்றியும் டிஷ்ஷைத் திருப்பி வைத்தும் பயனில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா காலத்து இரும்புக் கம்பத்தில் பழைய தூர்தர்ஷன் ஆண்டெனா இன்னும் நிற்கிறது. மழையில் டிடிஎச் நின்றுபோனாலும், ரீசார்ஜ் முடிந்துபோனாலும், அதில் படம் பார்த்துக்கொள்ளலாம், அதையும் இதே கேபிளில் சேர்த்துவிடு என்று அவர் சொல்கிறார். சேர்க்க முடியுமா?

பதில் (ஆற்காட்டில் டிஷ் பொருத்தும் தொழில் செய்பவர்)

தம்பி, கோளாறு டிஷ்ஷிலும் இல்லை, எல்என்பியிலும் இல்லை. அந்த ஸ்பிளிட்டரில்தான் இருக்கிறது. கேபிள் டிவி காலத்துப் பழக்கத்தில் பலரும் இப்படிச் செய்துவிடுகிறார்கள். கேபிள் டிவியில் சிக்னல் மேலிருந்து கீழே வருவதோடு சரி. டிடிஎச்சில் கீழே இருக்கும் பெட்டி அதே கேபிள் வழியாக எல்என்பிக்கு மின்சாரமும் அனுப்புகிறது, கட்டளையும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் எல்என்பி வெர்ட்டிகல் (செங்குத்தாக அதிரும்) அலைகளை எடுக்கும். 18 வோல்ட் போனால் ஹாரிசாண்டல் (கிடைமட்டமாக அதிரும்) அலைகளை எடுக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் ஒரு கேபிளில் இறக்க அதனால் ஆகாது. இரண்டு பெட்டிகள் ஒரே கேபிளில் இரண்டு விதமாகக் கேட்டால், அதிக வோல்ட் அனுப்பும் பெட்டியின் பேச்சுதான் எடுபடும். அம்மா ஹாரிசாண்டல் பக்கச் சேனலை வைத்தவுடன் அப்பாவின் வெர்ட்டிகல் பக்கச் சேனல் போவது அதனால்தான். ஸ்பிளிட்டர் தன் பங்குக்கு சிக்னலில் பாதிக்கு மேல் குறைத்தும் விடுகிறது.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை செய்யுங்கள். ஹால் பெட்டியை ரிமோட்டில் நிறுத்தாமல், சுவர் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதும் பல பெட்டிகள் எல்என்பிக்கு வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன்பின் மாடிப் பெட்டியில் எல்லாச் சேனலையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா. நீங்கள் சொன்னபடியே ஹால் சுவிட்சை அணைத்ததும் நின்றுபோகும் செய்திச் சேனல்கள் எல்லாம் மாடியில் தெளிவாக வருகின்றன. ஆனால் வேறு சில சேனல்கள் மட்டும், மாடிப் பெட்டி தனியாக ஓடும்போதும் கட்டம் கட்டமாக உடைகின்றன. மழை பெய்த மறுநாள் அது இன்னும் அதிகமாக இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே ஸ்பிளிட்டருக்குச் சற்று மேலே கேபிளை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் இருக்கிறது. பிரித்துப் பார்த்தேன். நடுக்கம்பியில் செம்பு நிறமே இல்லை; பழுப்பாகத் துருவேறியிருக்கிறது, அதைச் சுற்றியிருக்கும் கம்பி வலையும் பச்சை பூத்திருக்கிறது.

பதில் (ஆற்காட்டுக்காரர்)

அந்தத் துருவே விடை சொல்லிவிட்டது. டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 வகைக் கேபிளில் மலிவானதில் நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்காது. இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். டேப்புக்குள் ஈரம் இறங்கிப் பூச்சை அரித்துவிட்டால் அந்த இடத்தில் மின்தடை ஏறும். பெட்டியிலிருந்து 18 வோல்ட் கிளம்பினாலும் எல்என்பிக்குப் போய்ச் சேரும்போது 15-க்கும் கீழே குறைந்துவிட்டால், அதை 13 என்றே எடுத்துக்கொண்டு எல்என்பி வெர்ட்டிகலுக்குத் தாவிவிடும். உங்களுக்கு உடைகிற சேனல்கள் ஹாரிசாண்டல் பக்கத்தவையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். மல்டிமீட்டர் வைத்து அளப்பதானால் எல்என்பி இணைப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் துருப்பிடித்த கம்பியும் முழு 18 வோல்ட்டைக் காட்டும்.

இதற்கு வழி, இரண்டு அவுட் உள்ள எல்என்பியைப் போட்டு, டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் இடையில் ஜாயிண்ட் இல்லாத தனிக் கேபிள் இழுப்பதுதான். குழாயில் ஒரு கேபிளுக்குத்தான் இடம் என்று நினைக்க வேண்டாம். ஆர்ஜி-6 ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமன். முக்கால் அங்குலக் குழாயில் வளைவு அதிகம் இல்லையென்றால் இரண்டு போகும். பழைய கேபிளின் முனையில் புதிய இரண்டையும், ஒன்று சற்று முன்னே ஒன்று சற்றுப் பின்னே இருக்கும்படி கட்டி, சோப்பு நீர் தடவி, ஒருவர் கீழிருந்து இழுக்க இன்னொருவர் மேலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். முனைகளில் கம்ப்ரஷன் வகை (கருவியால் அழுத்திப் பொருத்தும்) எஃப் கனெக்டர் போடுங்கள். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் கனெக்டருக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பதில் (வாலாஜாபேட்டை, டிவி பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்)

ஆண்டெனாவைப் பற்றி நான் சொல்கிறேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய பிறகு, நம் வடஆற்காடு பக்கத்தில் வசதியுள்ள வீடுகளில் உயரமான கம்பம் நட்டு, பூஸ்டர் வைத்து, சென்னைத் திசைக்குத் திருப்பி, புள்ளிமழைக்கு நடுவே படம் பார்த்தோம். உங்கள் அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆண்டெனாவுக்கு இப்போது குடியாத்தத்தில் வேலை இல்லை. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் 2022-க்குள் நிறுத்திவிட்டது. சென்னை போன்ற பெருநகரங்களுக்கென வந்த டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பும் இவ்வளவு தொலைவைத் தாண்டி, மலைகளைத் தாண்டி உங்கள் மாடிக்கு வந்து சேராது. எஃப்எம் வானொலி கேட்க வேண்டுமானால் அந்த ஆண்டெனா உதவும்.

அதற்காகச் சேர்ப்பதானாலும் ஸ்பிளிட்டரைத் தலைகீழாக மாட்டிச் சேர்த்துவிடாதீர்கள். பழைய ஆண்டெனாவில் மடித்துவிட்ட குழாய் போல இருக்கும் டைபோல், நேர்மின்சாரத்துக்கு வெறும் ஷார்ட்தான். பெட்டி அனுப்பும் 18 வோல்ட் அங்கே போய் ஷார்ட் ஆகிவிடும். டைப்ளெக்சர் என்று கேட்டு வாங்குங்கள். அது எல்என்பியின் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளையும், அதற்குக் கீழே இருக்கும் ஆண்டெனா அலைகளையும் ஒரே கேபிளில் சேர்க்கும். மின்சாரத்தை டிஷ் பக்கம் மட்டுமே விடும். அறையில் பிரிக்க இன்னொன்று வேண்டும்.

ரீசார்ஜ் கவலைக்குத் தீர்வு டிடி ஃப்ரீ டிஷ். பெட்டியும் டிஷ்ஷும் வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது; பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழும் அதில் வருகிறது. ஆனால் அதுவும் மழை தடுக்கும் கேயு பேண்ட் அலைவரிசை என்பதால் கனமழையில் நிற்கத்தான் செய்யும் என்பதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ஃப்ரீ டிஷ்ஷை இப்போதுள்ள டிஷ்ஷிலேயே எடுத்துக்கொள்ளலாமா? தென்கிழக்கில் பக்கத்து வீட்டுத் தென்னை ஒன்று இருக்கிறது, அது மறைக்குமா?

பதில் (வாலாஜாபேட்டை)

ஃப்ரீ டிஷ் வருவது கிழக்கு 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சன் டைரக்ட்டும் அதே இடம்தான்; உங்களுடையது அதுவானால், இரண்டு அவுட்டுக்குப் பதிலாக நான்கு அவுட் எல்என்பி போட்டு ஒன்றை ஃப்ரீ டிஷ் பெட்டிக்குக் கொடுத்துவிடலாம். வேறு நிறுவனமானால் தனி டிஷ் வேண்டும். நம் பகுதியிலிருந்து அந்தச் செயற்கைக்கோள் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 67 டிகிரி உயரத்தில் இருக்கிறது. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ்ஷின் முகம் அதைவிடத் தாழ்வாகப் பார்ப்பது போலத் தெரியும். அதை நம்பித் தென்னையைக் குறை சொல்ல வேண்டாம். மரத்தின் உச்சி, டிஷ்ஷிலிருந்து அது நிற்கும் தொலைவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும்.

பதில் (ஆற்காட்டுக்காரர்)

புதுக் கேபிள் இழுக்கும் அன்றே டிஷ் கம்பத்தையும் ஆண்டெனாக் கம்பத்தையும் தடித்த செம்புக் கம்பியால் வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள். அப்படிச் செய்தாலும் நேரடி இடி விழுந்தால் பெட்டி தப்பாது. இடி இடிக்கத் தொடங்கும்போதே பிளக்கையும் கேபிளையும் கழற்றி வையுங்கள். எஃப்எம் வேண்டாம் என்று முடிவானால் அந்த ஆண்டெனாக் கம்பத்தை இறக்கிவிடுவதே நல்லது. தெருவின் மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள்.