40 மீட்டரில் மாலை நேரத் தொல்லை: எந்த ஃபில்டரை எங்கே வைப்பது?

கேள்வி: ஏழுமெகா

அனைவருக்கும் வணக்கம். மாலை வேளைகளில் அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பட்டையில் மோர்ஸிலும் எஸ்எஸ்பி என்னும் குரல் முறையிலும் தொடர்பு கொண்டு வருகிறேன். என்னுடையது டிஎஸ்பி (சிக்னலை எண்களாக்கிக் கையாளும் முறை) வருவதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த 100 வாட் டிரான்ஸீவர்; அனுப்பவும் வாங்கவும் ஒரே பெட்டி. அதன் ஐஎஃப் பகுதியில் (வந்த சிக்னலை நிலையான ஓர் அலைவெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் இடைநிலையில்) 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள கிரிஸ்டல் ஃபில்டர் ஒன்று மட்டுமே இருக்கிறது. மோர்ஸுக்கான குறுகிய ஃபில்டரைப் பொருத்தும் இடம் காலியாகவே கிடக்கிறது. அதற்கு மாற்றாக, ஹெட்போனுக்கு முன்னால் 200 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஆடியோ ஃபில்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆன்டெனா சாதாரண டைபோல்.

எனக்கு மூன்று தொல்லைகள். முதலாவது, பொழுது சாய்ந்ததும் 7067 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இரண்டு ஒலிபரப்பு நிகழ்ச்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. 7110லும் அதேபோல் ஒன்று வருகிறது. பகலில் இரண்டும் இருப்பதில்லை. இரண்டாவது, மோர்ஸில் மெல்லிய நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அது திடீர் திடீரென்று அமுங்கி, மீண்டும் எழுகிறது. அந்த நேரத்தில் வேறு எந்த நிலையமும் என் காதில் விழுவதில்லை. இருந்தும் சிக்னலின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் மட்டும் யாரோ சாவியைத் தட்டுவதுபோல் துள்ளுகிறது. மூன்றாவது, ஏறத்தாழ 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை கரகரவென்று ஒரு மேடு. அது ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் அளவு எஸ்7.

ஆடியோ ஃபில்டரை எவ்வளவு குறுக்கினாலும் இவற்றில் ஒன்றுகூடக் குறையவில்லை. இன்னும் கூர்மையான ஃபில்டர் வாங்குவதா, அல்லது ரிசீவரையே மாற்றுவதா என்று முடிவெடுக்க இயலாமல் இருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: கம்பிச்சுருள்

வணக்கம். நீங்கள் தொல்லைகளை விவரித்திருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறப்பவை. ஆகவே ஒரே ஃபில்டரால் மூன்றையும் தீர்க்க இயலாது. ஃபில்டர் எதுவானாலும், தனக்கு முன்னால் இருக்கும் நிலைகளில் ஏற்கெனவே கலந்துவிட்டதைப் பிரித்துத் தராது. ஹெட்போனுக்கு அருகில் இருக்கும் ஆடியோ ஃபில்டர் வரிசையில் கடைசி. அதற்கு முன்னால் ரிசீவரின் எல்லா நிலைகளும் தவறு செய்து முடித்துவிடுகின்றன.

முதல் தொல்லையை எடுத்துக்கொள்வோம். இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்பது நல்ல தடயம். அந்த அலைவெண்ணில் உண்மையில் எந்த ஒலிபரப்பும் இல்லை. வலுவான இரண்டு நிலையங்கள் உங்கள் ரிசீவருக்குள் கலந்து மூன்றாவது ஒன்றைப் பெற்றெடுக்கின்றன. இதை உறுதிசெய்ய, வரும் சிக்னலை மெலிவிக்கும் அட்டெனுவேட்டரே போதும். 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைப் போட்டால், ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் உண்மையான சிக்னல் 10 டெசிபெல் மட்டுமே குறையும். இரண்டின் கூட்டலாலோ கழித்தலாலோ உள்ளே பிறந்த இரண்டாம் படிக் கலப்பு 20 டெசிபெலும், ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழிப்பதுபோல் பிறக்கும் மூன்றாம் படிக் கலப்பு 30 டெசிபெலும் குறையும். ஒரு எஸ் அலகுக்கு 6 டெசிபெல் என்பது மரபு. பழைய மீட்டர்கள் அதைச் சரியாகப் பின்பற்றுவதில்லை என்றாலும், 10க்கும் 20க்கும் உள்ள வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும். பேய்போல் வரும் அந்தக் குரல் அடியோடு மறைந்து, பக்கத்து அமெச்சூர் நிலையம் சற்றே மெலிந்து நின்றால், குற்றம் ரிசீவருக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம்.

7067ஐக் கணக்கிட்டுப் பார்த்தேன். மத்திய அலையில் 972 கிலோஹெர்ட்ஸும், 49 மீட்டர் ஒலிபரப்புப் பட்டையில் 6095 கிலோஹெர்ட்ஸும் கூடினால் 7067 வரும். அவைதாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வகையைச் சேர்ந்த ஓர் இணையாக இருக்க வாய்ப்பு மிகுதி. உங்கள் இருப்பிடத்துக்கு அருகில் மத்திய அலை ஒலிபரப்புக் கோபுரம் ஏதும் உண்டா? சிற்றலை நிலையம் மாலையில்தான் வலுப்பெறும் என்பதால், பகலில் தொல்லை இல்லாததும் இதனோடு பொருந்துகிறது.

ரிசீவருக்குள்ளேயே ஒவ்வொரு பட்டைக்கும், அதை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் ஒன்று இருக்கும்போது மத்திய அலை எப்படி உள்ளே நுழைகிறது என்று நீங்கள் கேட்கலாம். பல டிரான்ஸீவர்களில் அந்த ஃபில்டர்களைத் தேர்ந்தெடுத்து இணைப்பவை சிறிய டயோடுகள். அவை ஃபில்டருக்கு முன்னாலேயே நிற்கின்றன. அங்கேயே கலப்பு நடந்துவிட்டால், பின்னால் வரும் ஃபில்டர் 7067ஐத் தனக்கு உரியதென்று கருதி உள்ளே அனுப்பிவிடும். ஆகவே இதற்கான ஃபில்டர் பெட்டிக்கு வெளியே, ஆன்டெனா பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

3 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஐந்து உறுப்பு ஹைபாஸ் ஃபில்டரை ஒரே மாலையில் செய்துவிடலாம். 50 ஓம் பாதையில் தொடராக மூன்று மின்தேக்கிகள்: முதலும் கடைசியும் 910 பிக்கோஃபாரட், நடுவில் இரண்டு 270களை இணையாகச் சேர்த்த 540. மின்தேக்கிகள் சந்திக்கும் இரண்டு இடங்களிலிருந்தும் தரைக்கு 1.95 மைக்ரோஹென்றி சுருள் ஒவ்வொன்று. டி50-2 என்னும் சிவப்பு வளையத்தில் 20 சுற்றுச் சுற்றினால் அந்த அளவு கிடைத்துவிடும். கம்பி வளையத்தின் உட்புறம் எத்தனை முறை கடக்கிறதோ அத்தனை சுற்று என்று எண்ணுங்கள். வெளிப்புறத்தைப் பார்த்து எண்ணி ஒரு சுற்றைத் தவறவிடுவது எல்லாருக்கும் நேர்வது. மின்தேக்கிகள் சில்வர் மைக்கா அல்லது சிஓஜி வகையாக இருக்கட்டும். கணக்கின்படி 1 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 54 டெசிபெல், 1.5 மெகாஹெர்ட்ஸில் 35 டெசிபெல் தடுப்புக் கிடைக்கும்; 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு உணரும்படி இராது. 160 மீட்டர் பட்டையும் இதில் வெட்டுப்பட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மிக முக்கியமான எச்சரிக்கை: இதன் வழியாக 100 வாட்டை அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சிறு மின்தேக்கிகளும் வளையங்களும் அதற்கானவை அல்ல. உங்கள் டிரான்ஸீவரின் பின்புறத்தில் வரவுப் பாதை (வாங்கும் சிக்னல் செல்லும் பாதை) மட்டும் ஒரு சிறு கேபிள் வழியாக வெளியே வந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கேபிளுக்கு நடுவில் ஃபில்டரை வையுங்கள்.

மூன்றாவது தொல்லைக்கு ரிசீவரில் எந்த ஃபில்டரும் மருந்தாகாது. அந்தக் கரகரப்பு நீங்கள் கேட்க விரும்பும் அதே அலைவெண்ணில் வந்து அமர்கிறது. அது ஏதோ ஒரு ஸ்விட்சிங் பவர் சப்ளையின் வேலை. சீரான இடைவெளியில் மேடுகள் வருவதும், சூடு ஏற ஏற அவை நகர்வதும் அதன் அடையாளங்கள். டிரான்ஸீவரை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மறைந்தால் உங்கள் வீட்டுப் பொருள், மறையாவிட்டால் அக்கம்பக்கம்.

மறுமொழி: மோர்ஸ்விரல்

கம்பிச்சுருள் அவர்கள் சொன்ன எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடே. ஆனால் இரண்டாவது தொல்லையை அவர் தொடாமல் விட்டுவிட்டார். மோர்ஸ் பழகுவோரைப் பொறுத்தவரை மூன்றிலும் கொடியது அதுதான் என்பேன். பல ஆண்டுகள் நானும் அதே நிலையில் இருந்து, ஒவ்வொரு இரவும் ஏமாந்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். நீங்கள் கேட்கும் மெல்லிய நிலையத்திலிருந்து ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வலுவான ஒருவர் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கிறார். 2.4 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டர் அவரைத் தாராளமாக உள்ளே விடுகிறது. ஏஜிசி (பெருக்கத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பகுதி) அந்த ஃபில்டருக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்து ரிசீவரின் பெருக்கத்தை முடிவு செய்வதால், அவருடைய ஒவ்வொரு கோட்டுக்கும் புள்ளிக்கும் பெருக்கத்தைக் குறைக்கிறது. அதற்கும் பின்னால் இருக்கும் உங்கள் ஆடியோ ஃபில்டர் அவரை வெட்டி எறிந்துவிடுகிறது. ஆகவே அடித்தவர் யார் என்பது தெரியாமல் அடி மட்டும் விழுகிறது. முள் துள்ளுகிறது, காதில் எவரும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

குறுகிய ஃபில்டர் ஏஜிசிக்கு முன்னால் நிற்க வேண்டும். காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் 500 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஃபில்டரைப் பொருத்துங்கள். 2.4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது இரைச்சலும் ஏறத்தாழ 7 டெசிபெல் குறையும் என்பது கூடுதல் லாபம். வாங்கும்போது அகலத்தை மட்டும் பார்க்காமல், 6 டெசிபெல் தாழ்வில் உள்ள அகலத்தையும் 60 டெசிபெல் தாழ்வில் உள்ள அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி குறையக் குறையச் சுவர் செங்குத்தாகிறது. மலிவான ஃபில்டர்களில் மேலே 500 என்று இருந்தாலும் அடிவாரம் வெகுதூரம் பரந்து கிடக்கும்.

250 ஹெர்ட்ஸ் இருக்கிறதே, அதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். முதல் ஃபில்டராக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபில்டர் குறுகக் குறுக அதற்குள் சிக்னல் எழவும் அடங்கவும் நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிசெகண்டு மட்டுமே. வேகம் கூடும்போது புள்ளிகளின் ஓரங்கள் மழுங்கி, மணி அடித்தபின் நீளும் ரீங்காரம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரைச்சலும் அதே சுருதியில் பாடத் தொடங்கிவிடுவதால் காது விரைவில் களைத்துப்போகும். அழைப்புக்கு வேறு யாராவது சற்றே விலகி விடையளித்தால் அவர் கேட்காமலேயே போய்விடுவார். மிக நெரிசலான போட்டி இரவுகளுக்கு மட்டும் 250 பயன்படும்.

ஃபில்டர் கைக்கு வரும்வரை ஓர் உபாயம். ஏஜிசியை அணைத்துவிடுங்கள், ஆர்எஃப் கெயினை (ரிசீவரின் முன்பகுதிப் பெருக்கத்தை) நன்றாகக் குறைத்து, ஒலியளவைக் கூட்டிக்கொண்டு, சிக்னலுக்கேற்ப ஆர்எஃப் கெயினைக் கையால் நகர்த்துங்கள். அப்போது அந்த அமுக்கம் நின்றுபோகும். வலுவான நிலையம் திடீரென்று வந்தால் காது வலிக்கும் என்பதால் ஹெட்போனைச் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் இடத்தைச் சற்று நகர்த்தும் ஐஎஃப் ஷிஃப்ட் குமிழ் இருந்தால், தொல்லை தருபவர் ஃபில்டரின் ஓரத்துக்கு அப்பால் தள்ளப்படும்வரை அதைத் திருப்பிப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதுமானதாக இருக்கும். துடிப்பு இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். அது குறுகிய ஃபில்டருக்கு முந்திய அகன்ற பகுதியைக் கேட்டு இயங்குவதால், வலுவான பக்கத்து நிலையத்தைத் துடிப்பு இரைச்சல் என்று தவறாக எண்ணி உங்கள் சிக்னலைத் துண்டு துண்டாக்கிவிடும்.

ஏழுமெகா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்த கணத்தில் கரகரப்பு எஸ்7லிருந்து எஸ்3க்கு விழுந்தது. பிறகு வீட்டின் ஒவ்வொரு மின்சுற்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்ததில், மாடிப்படி விளக்கின் எல்இடி டிரைவர்தான் காரணம் என்று தெரிந்தது. விளக்கை மாற்றிவிட்டேன். இத்தனை மாதமாக ரிசீவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏஜிசியை அணைத்த அன்றே அமுக்கம் நின்றுவிட்டது. வலுவான நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் ஆடியோ ஃபில்டரை விலக்கிவிட்டுக் கண்டுபிடித்தேன். 500 ஹெர்ட்ஸ் ஃபில்டருக்குச் சொல்லியிருக்கிறேன்.

மத்திய அலைக் கோபுரம் சில கிலோமீட்டரில் இருக்கிறது. ஹைபாஸ் ஃபில்டரைச் செய்து வரவுப் பாதைக் கேபிளின் நடுவில் வைத்ததும் 7067 சுத்தமாகிவிட்டது. ஆனால் 7110 அப்படியே இருக்கிறது. 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் போட்டால் மட்டும் அது முற்றிலும் மறைகிறது. ஃபில்டரில் ஏதும் பிழை செய்துவிட்டேனா?

கம்பிச்சுருள்

பிழை ஏதுமில்லை, ஃபில்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 7110 வேறு வகை. 7200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் ஒலிபரப்பு நிலையங்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 7260ஐ இரட்டித்து 7410ஐக் கழித்தால் 7110. இது மூன்றாம் படிக் கலப்பு; பெற்றோர் இருவரும் உங்கள் பட்டைக்கு அடுத்த வீட்டிலேயே வசிப்பவர்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 7110ஐ உள்ளே விட்டு 7260ஐத் தடுக்கும் அளவுக்குச் செங்குத்தான ஃபில்டரைச் சுருளும் மின்தேக்கியும் கொண்டு செய்ய முனைந்தால், நீங்கள் கேட்க வேண்டிய சிக்னலும் அதன் இழப்பிலேயே கரைந்துவிடும்.

இங்கே அட்டெனுவேட்டர்தான் சரியான கருவி. 10 டெசிபெல் இழந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். மாலை நேர 40 மீட்டரில் ஆன்டெனா கொண்டுவரும் இரைச்சல் ரிசீவரின் சொந்த இரைச்சலைக் காட்டிலும் மிக அதிகம். அட்டெனுவேட்டர் சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் குறைப்பதால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. சோதித்துப் பாருங்கள்: அட்டெனுவேட்டரைப் போட்ட நிலையில், நிலையம் ஏதும் இல்லாத இடத்தில் வைத்து ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் தெளிவாகக் குறைந்தால் நீங்கள் எதையும் இழக்கவில்லை. குறையாவிட்டால் மட்டும் அட்டெனுவேட்டரை ஒரு படி தளர்த்துங்கள். ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) இயங்கிக்கொண்டிருந்தால், இந்தப் பட்டையில் அதை முதலில் அணைத்துவிடுங்கள்.