கார்வெட்டை ஆட்டோகிராஸுக்குக் கொண்டுபோவது வீண் வேலையா?

வி8 வேலு:
டெக்சாஸில் இருக்கிறேன். கையில் சி7 (ஏழாம் தலைமுறை) கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், 455 குதிரைத்திறன். மாதம் ஒருமுறை ஆட்டோகிராஸ் போகிறேன். தெரியாதவர்களுக்கு: காலியான பெரிய பார்க்கிங் லாட்டில் ஆரஞ்சு கோன்களை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு சமயத்தில் ஒரு கார்தான் ஓடும், கடிகாரத்தோடுதான் போட்டி. போன ஞாயிறு மாஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 181 குதிரைத்திறன் மியாட்டா ஒன்று என்னைவிட மூன்று வினாடி முந்திவிட்டது. டிராக் டே (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாள்) போகும் நண்பர், "இந்தக் காரை அங்கே கொண்டுபோய் வீணடிக்கிறாய்" என்கிறார். அவரையும் இங்கே இழுத்துவிட்டிருக்கிறேன். அடித்துக்கொள்ளுங்கள்.

டிராக்டே தாஸ்:
அந்த நண்பர் நான்தான். சொன்னதில் மாற்றமில்லை.

விடிகாலையில் எழுந்து போய், நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, கடைசியில் கிடைப்பது நாலைந்து ரன். ஒரு ரன் ஐம்பது வினாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். மீதி நேரத்தில் மற்றவர்கள் தட்டிவிட்ட கோனை ஓடி ஓடி நிமிர்த்தி வைக்கும் வேலை. இரண்டாவது கியரைத் தாண்டுவதே அபூர்வம். ஏழு கியர் காரில் ஐந்து கியருக்கு விடுமுறை!

தேசியப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்சிசிஏ (அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்) அமைப்பு செப்டம்பரில் நெப்ராஸ்காவின் லிங்கனில் நடத்துகிறது. இரண்டு பாதை, பாதைக்கு மூன்று ரன், இரண்டிலும் சிறந்த நேரத்தைக் கூட்டிக்கொள்வார்கள். ஆக, ஆறேழு நிமிடம் ஓட்டுவதற்கு ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியும் டிரெய்லரில் காரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்டினில் இருக்கும் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் பந்தயத் தடத்தில் ஒரு சுற்றே ஐந்தரை கிலோமீட்டர். இருபது நிமிட செஷன் ஒன்றில் நான் ஓட்டுவதை வேலு நாலு மாதம் போனாலும் ஓட்டமாட்டார்.

மியாட்டா மாமா:
தாஸ், எத்தனை நிமிடம் ஓட்டினோம் என்று பார்த்தால் ஐ-35 நெடுஞ்சாலையில் தினமும் ஆபீஸ் போகிறவர்தான் பெரிய டிரைவர்.

வேலு தம்பி, போன ஞாயிறு ஸ்லாலம் (கோன் வரிசையில் இடமும் வலமுமாக வளைந்து போகும் பகுதி) பக்கத்தில் கோன் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். மஞ்சள் கார்வெட் உங்களுடையதுதானே? ஒவ்வொரு ரன்னிலும் ஸ்லாலத்தின் மூன்றாவது கோனில் உங்கள் பிரேக் விளக்கு எரிந்தது. அங்கேதான் மூன்று வினாடியில் பாதி கிடக்கிறது.

நீங்கள் கோனைத் தாண்டிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். கோன் கதவுக்கு நேரே வரும்போதே கார் அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் கோனில் கொஞ்சம் தாமதித்தால், அது ஒவ்வொரு கோனிலும் வட்டி போட்டு வளரும். மூன்றாவதில் வழி அடைபட்டு, பிரேக்கைத் தவிர வேறு கதியில்லை. கண் எப்போதும் இரண்டு கோன் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் கண் பம்பருக்கு முன்னால் இருக்கும் கோனிலேயே ஒட்டிக்கொள்கிறது.

காருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சி7 அகலம் 1,877 மிமீ, என்டி (நான்காம் தலைமுறை) மியாட்டா 1,735 மிமீ. ஒவ்வொரு கோனிலும் மறுபக்கம் மாறுவதற்கு நீங்கள் 14 செ.மீ. கூடுதலாக நகர வேண்டும், அதுவும் ஒன்றரை டன்னைச் சுமந்துகொண்டு. மியாட்டா ஆயிரத்து அறுபது கிலோ சொச்சம். ஆனால் நல்ல கையில் கார்வெட் கோன்களுக்கு நடுவிலும் பறக்கும். 2002 முதல் 2004 வரை வந்த சி5 கார்வெட்டின் இசட்06 மாடல், 405 குதிரைத்திறன் கார், ஆட்டோகிராஸ்காரர்கள் வருடக்கணக்காகக் கொண்டாடிய கார். காரை வீண் என்று சொல்லாதீர்கள்.

நிவேதா_ஓஹையோ:
நான் இருவரோடும் ஒத்துப்போகவில்லை. ஆட்டோகிராஸ் அருமையான விளையாட்டு, அதைக் கற்றுக்கொள்ள கார்வெட் மோசமான கார்.

என்னிடம் இருப்பது ஹோண்டா ஃபிட், 130 குதிரைத்திறன். ஒரு வளைவில் வேகத்தை விட்டால் அடுத்த வளைவு வரை திரும்பக் கிடைக்காது, நேரப் பலகை அப்படியே காட்டிக்கொடுக்கும். கார்வெட்டில் என்ன தப்பு செய்தாலும் ஆக்சிலரேட்டரை மிதித்து மூடிமறைத்துவிடலாம். ஓட்டுபவருக்கே தெரியாது. மாமா வந்து பிரேக் விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இன்னொன்று, வேலு அண்ணா மியாட்டாவோடு நேரடியாக வினாடியை ஒப்பிடுவதே சரியில்லை. வெவ்வேறு வகுப்புக் கார்களை ஒப்பிடத்தான் ரிக் ரூத் கணக்கிட்டு வெளியிடும் பாக்ஸ் குறியீடு இருக்கிறது. ஓடிய நேரத்தை வகுப்புக்கான எண்ணால் பெருக்க வேண்டும். என் வகுப்பான ஹெச் ஸ்ட்ரீட்டுக்கு 0.78-ஐ ஒட்டி, வேகமான கார்களின் வகுப்பான சூப்பர் ஸ்ட்ரீட்டுக்கு 0.82-ஐ ஒட்டி. நான் 50 வினாடியில் முடித்தால் கணக்கில் 39. சூப்பர் ஸ்ட்ரீட் கார் என்னை வெல்ல ஏறக்குறைய 47.5-க்குள் வந்தாக வேண்டும். பாக்ஸ் பட்டியலைத் திறந்து பார்த்தீர்களா?

வி8 வேலு:
பார்த்தேன். அதில் இன்னும் கீழே இருக்கிறேன். அந்தப் பேச்சை விடுவோம்.

ஆனால் காரை மாற்ற மாட்டேன், நிவேதா. ஆசைப்பட்டு வாங்கின காரில் கற்றுக்கொள்ளாமல், வேறு காரில் கற்றுக்கொண்டு என்ன செய்ய? இந்த காரின் பின்சக்கரம் வழுக்கும்போது எப்படி இருக்கும் என்பது எனக்கு அந்த பார்க்கிங் லாட்டில்தான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் தெரிந்துகொள்ள முடியுமா? டிராக்கில் 200 கிலோமீட்டர் வேகத்தில் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

டிராக்டே தாஸ்:
டிராக்கில் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார் வேலு. எடுத்த எடுப்பில் யாரும் 200-ஐத் தொடச் சொல்வதில்லை.

டயர் செலவையும் பேசுவோம். ஸ்ட்ரீட் வகுப்பில் டிரெட்வேர் (டயர் தேயாமல் எவ்வளவு உழைக்கும் என்று காட்டும் எண்) 200-க்குக் குறையக் கூடாது என்பது விதி. அதனால் எல்லோரும் அந்த 200 எண்ணில் இருக்கும் மிருதுவான டயருக்குப் போகிறார்கள், யோகோஹாமா ஏ052 மாதிரி. சீக்கிரம் தேய்ந்துபோகும். சி7-இல் டயர் அகலம் முன்னால் 245 மிமீ, பின்னால் 285 மிமீ. முன்னதைப் பின்னால் மாற்றிப் போடவும் வழியில்லை.

மியாட்டா மாமா:
டிராக்கில் டயர் தேயாதா? அங்கே பிரேக் பேடும் சேர்ந்து போகும்.

டயர் என்றதும் ஞாபகம் வந்தது. வேலு, டெக்சாஸ் வெயிலில் இரண்டாவது ரன்னுக்கே டயர் சூடேறி வழுக்கத் தொடங்கும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவாருங்கள். ரன் முடிந்து கிரிட்டுக்கு (கார்கள் வரிசையில் காத்திருக்கும் இடம்) வந்ததும் நாலு டயரையும் நனையுங்கள். பக்கச்சுவர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, எவ்வளவு தூரம் அழிகிறது என்று பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறையுங்கள்.

நிவேதா_ஓஹையோ:
தாஸ் சார், டிராக்கில் சுவரில் இடித்தால் யார் பணம் தருவார்கள்? வழக்கமான கார் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். எங்களுக்குக் கோன் தட்டினால் 2 வினாடி தண்டம், அவ்வளவுதான். அதுவும் கோன் சாய வேண்டும், இல்லை தரையில் வரைந்த சதுரத்தை விட்டு முழுக்க வெளியே போக வேண்டும். நகர்ந்தும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டமே கிடையாது.

டிராக்டே தாஸ்:
நேரம் கணக்கிடும் போட்டிக்குக் காப்பீடு இல்லை என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும் அம்மா. உங்கள் ஆட்டோகிராஸும் அதில் மாட்டும். பாலிசியை எடுத்து வாசித்துப் பாருங்கள்.

நிவேதா_ஓஹையோ:
வாசித்திருக்கிறேன், மாட்டும்தான். ஆனால் நான் இடிப்பது ரப்பர் கோனை, நீங்கள் இடிப்பது கான்கிரீட்டை.

டிராக்டே தாஸ்:
சரி, இவ்வளவு சொல்கிறீர்கள். அடுத்த தடவை என் போர்ஷே கேமனை எடுத்துக்கொண்டு வருகிறேன். வேலுவை முந்துவேன், அது நிச்சயம். ஆனால் கோன் பொறுக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

மியாட்டா மாமா:
வாருங்கள். ஹெல்மெட்டில் ஸ்நெல் பாதுகாப்புச் சான்று ஸ்டிக்கர் இருக்கிறதா, இன்னும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோன் வேலைக்கு வராவிட்டால் அன்றைக்கு நீங்கள் ஓடிய நேரம் எல்லாவற்றையும் அடித்துவிடுவார்கள். வேலுதான் ஜெயிப்பார்.

வி8 வேலு:
எனக்கு அது போதும்.