புதுப்பிப்பு: டிபிஎஸ் நண்பருக்கு வேலை திரும்பக் கிடைத்தது

போன மாதம் எழுதியிருந்தேனே, அமெரிக்காவில் என்னோடு வேலை பார்க்கும் எல் சால்வடோர்க்காரரின் ஒர்க் பர்மிட் அட்டை காலாவதியாகி, அலுவலகம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது என்று. போர், பேரிடர் போன்றவற்றால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அமெரிக்கா தரும் டிபிஎஸ் என்ற தற்காலிகப் பாதுகாப்பில் இருப்பவர் அவர். நேற்று திரும்ப வந்துவிட்டார்.

புது அட்டை இன்னும் வரவில்லை. ஆனால் அதற்கு அவசியமே இருக்கவில்லை! ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் வந்த டிபிஎஸ் நீட்டிப்பு அறிவிப்பே பழைய அட்டையின் ஆயுளையும் கூட்டியிருந்தது. அட்டையில் 'ஏ12' அல்லது 'சி19' என்ற குறியீடும், அறிவிப்பில் சொன்ன காலாவதித் தேதியும் இருந்தால் போதும். அறிவிப்பை அச்செடுத்து அட்டையோடு நீட்டினார். மனிதவளப் பெண்மணி இரண்டு முறை படித்துவிட்டு, சரி என்றார். மூன்று வாரச் சம்பளம் போனது போனதுதான்.

இத்தனை வருடம் இருந்தும் கிரீன் கார்டு இல்லையா என்று பலர் கேட்டீர்கள். 2001 நிலநடுக்கங்களுக்குப் பிறகு அவர் நாட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு இது. ஒவ்வொரு முறையும் 6, 12 அல்லது 18 மாதம்தான். எத்தனை முறை நீண்டாலும் அது தானாக கிரீன் கார்டாக, அதாவது நிரந்தர வசிப்புரிமையாக மாறாது. முறையான அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவருக்கு டிபிஎஸ் இருப்பது, கிரீன் கார்டுக்குத் தடையாகும் அந்தக் குறையைத் தீர்க்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

அப்புறம், இலங்கைக்கு டிபிஎஸ் உண்டா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. அங்கிருந்து பாதுகாப்புத் தேடி வந்தவர்களுக்கு அகதித் தஞ்சம்தான் முக்கிய வழி.