கண்ணாடியோடு ஒட்டிய பாட்டாவின் கல்யாணப் போட்டோ: பிரிக்கலாமா?

தக்கலை:
வெள்ளையடிக்க இறக்கிய பாட்டாவின் கல்யாணப் போட்டோவில், பாட்டியின் சேலைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடியோடு ஒட்டியிருக்கிறது. கறுப்பான இடங்கள் சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்குகின்றன. பின் அட்டையில் பென்சிலால் ‘1109 தை’ என்று மட்டும் இருக்கிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் கழன்றுவிடும் என்கிறார்கள். செய்யலாமா? பின்னால் நிற்கும் இரண்டு பேர் யார் என்றும் தெரிய வேண்டும்.

நாகர்கோவில்:
தண்ணீர் பக்கமே கொண்டு போகாதீங்க. போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் சுவர் ஈரத்தைக் குடித்து உப்பி, கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். காய்ந்ததும் பசை மாதிரி இறுகிவிடும். இழுத்தால் தாள் கையோடு வரும், படம் கண்ணாடியில் நின்றுவிடும். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். கையால் வண்ணம் தீட்டியிருந்தால் சாயமும் ஓடும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுங்க. தன் கண்ணாடியில் ஒட்டினாற்போல வைத்ததை மட்டும் தெளிவாக எடுக்கும் மெல்லிசான சிஐஎஸ் வகை ஸ்கேனரில் கண்ணாடித் தடிமனைத் தாண்டி ஃபோகஸ் போகாது, மங்கும். கேமராதான் நல்லது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, அறையை இருட்டாக்கி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒவ்வொரு எல்இடி விளக்கு வையுங்க. லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் உருவம் தெரியாது. நீல மினுக்கம், படத்தில் உள்ள வெள்ளி மேலே கசிந்து படிந்தது. தேய்க்கக் கூடாது, விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் படத்தில் தெரியாமல் போகும்.

குழித்துறை:
1109 கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. திருவிதாங்கூர்க் காலத்தில் நம்ம வீடுகளில் அதுதான் வழக்கம். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், ஆங்கில ஆண்டு தெரிய ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824, அதற்குப் பிறகு ஆடி வரை 825 கூட்டணும். ஆக, 1934 ஜனவரி–பிப்ரவரி. ஆனால் அட்டை பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம். ஆணித் துளைகள் சட்டத்தோடு பொருந்துதா பாருங்க.

ஆட்களைக் கண்டுபிடிக்க, முழுப் படத்தைக் காட்டிக் கேட்காதீங்க. முகத்தைத் தனித்தனியாக வெட்டிப் பெரிதாக்கி, வயசானவங்ககிட்ட ஒவ்வொருத்தரிடமும் தனியா காட்டுங்க. நாலு பேர் கூடி இருந்தால் முதலில் ஒருத்தர் சொன்ன பேரையே மற்றவங்களும் சொல்வாங்க. பிறகு 1930களின் மூலப்பத்திரங்களைப் பாருங்க: அப்பா பேர், வீட்டுப் பேர், கொல்லம் ஆண்டு எல்லாம் அதில் வரும். மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கோங்க. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அந்தச் சபையின் திருமணப் பதிவேட்டில் இரு தரப்பு அப்பா பேரும் இருக்கக்கூடும்.

தக்கலை:
நன்றி அண்ணே. பின் அட்டை பழுப்பேறி உதிருது. அதையும் விடணுமா?

நாகர்கோவில்:
அது வேற. ஒட்டாமல் இருந்தால் எடுத்துடுங்க; அந்த அட்டையின் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்குது. படத்தை மெத்தென்ற துண்டில் கண்ணாடி கீழாக வைத்து, துரு ஆணிகளைக் குறடால் நேராக இழுங்க. எழுத்து உள்ள பகுதியைப் படமெடுத்துத் தனி உறையில் வையுங்க. புதுசா அமிலமில்லாத அட்டை போதும். செல்லோடேப் கூடாது. திரும்ப மாட்டும்போது நாலு மூலையிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். மழை தாக்கும் மேற்குச் சுவரில் மட்டும் மாட்டாதீங்க.