புது பேட்டரி போட்டும் காலையில் வண்டி எடுக்கவில்லை. டைனமோ மாற்றத்தான் வேண்டுமா?

பாளைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். 2014 மாடல் டீசல் கார் வைத்திருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன்புதான் புது பேட்டரி போட்டேன். மூன்று வாரமாகக் காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, சில நாள் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பகலில் வள்ளியூர் வரை போய்வந்தால் மறுநாள் ஓரளவு எடுக்கிறது. மழையில், ராத்திரியில் லைட்டும் வைப்பரும் போட்டு ஓட்டி வந்து நிறுத்தினால் மறுநாள் காலை கட்டாயம் தகராறுதான்.

போன செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு அம்மாவை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அம்மாவை உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி அசையவில்லை. தெருப் பையன்கள் தள்ளிவிட்டுத்தான் கிளம்பினோம். அன்று அம்மா முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

காட்டிய இடத்தில் "டைனமோ போயிற்று, புதுசு 11,000 ரூபாய்" என்றார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைத்தான் டைனமோ என்கிறார்கள். மீட்டர் எதுவும் வைத்துப் பார்க்கவில்லை. சாவி போட்டதும் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிகிறது, இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அணைந்துவிடுகிறது. அப்படி என்றால் டைனமோ வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் டிரைவர்:
தம்பி, சுலபமான வழி இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் டைனமோ நல்லது, நின்றால் போயிற்று. நான் லாரி ஓட்டின காலத்தில் அப்படித்தான் பார்ப்போம்.

அம்பை ஒயரிங்கடை:
அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, அதை மட்டும் செய்ய வேண்டாம் தம்பி. ஓடுகிற வண்டியில் பேட்டரியைப் பிடுங்கினால் டைனமோ ஒரு நொடி கட்டுப்பாடு இழந்து பல பத்து வோல்ட் வரை எகிறும். பழைய லாரியில் அதைத் தாங்காமல் போக ஒன்றும் இல்லை, பல்புதான் போகும். இந்த வண்டியில் இன்ஜின் கம்ப்யூட்டர் போகும். 11,000 செலவு பல மடங்காகிவிடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு. அந்தச் சிவப்பு விளக்கு அணைவது நல்ல அறிகுறிதான், ஆனால் முழுச் சாட்சி இல்லை. டைனமோ கரண்டு தர ஆரம்பித்துவிட்டது என்று மட்டும் அது சொல்லும். அந்தக் கரண்டு பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் ஈயக் குமிழ்மேலேயே ஊசியை வையுங்கள், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். மூன்று அளவு வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் எதையும் போடாமல் ஒன்று. ஐடிலிங்கில் எல்லாம் அணைத்துவிட்டு ஒன்று. அப்புறம் ஹை பீம், புளோயர், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துச் சுமார் 2,000 சுற்றில் ஒன்று.

நின்ற வண்டியில் 12.6, 12.7 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு அதிகமாகச் சார்ஜ் ஆகிறது, அதுவும் பேட்டரியைக் கொல்லும்.

திருக்குறுங்குடியான்:
ஒருவேளை டைனமோதான் என்று தெரிந்தாலும் உடனே புதுசுக்குப் போகாதீர்கள். என் வண்டியில் கார்பன் பிரஷ் தேய்ந்துபோய், சில நாள் சார்ஜ் ஏறும், சில நாள் ஏறாது. பிரஷும் ரெகுலேட்டரும் சேர்ந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினோம், இன்றுவரை ஓடுகிறது. நம் ஊரில் ஓடுகிற பல வண்டிகளில் இருப்பது சென்னை பாடியில் தயாராகிற லூகாஸ் டிவிஎஸ் டைனமோ. உதிரி பாகம் கிடைக்கும். அந்த டிவிஎஸ்ஸைத் தொடங்கிய சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது எங்கள் திருக்குறுங்குடியில்தான், அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

பாளைக்காரன்:
ஜங்ஷன் பக்கம் மீட்டர் வாங்கிவிட்டேன் அண்ணாச்சி. இன்று காலை 12.1. ஐடிலிங்கில் 13.75. எல்லாம் போட்டு 2,000 சுற்றில் 13.1. பெல்ட் கத்தவில்லை, கையால் அமுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருக்கிறது.

அம்பை ஒயரிங்கடை:
நல்ல வேலை செய்தீர்கள். இப்போது பேசலாம்.

12.1 என்றால் பாதிக்கும் கீழே. அதுதான் காலையில் செல்ஃப் இழுக்கிறது. லைட், வைப்பர் என்று எல்லா லோடும் போட்டதும் 13.1 என்பதுதான் உங்கள் மழை ராத்திரிக் கதை. நிறைந்த பேட்டரியே 12.7 இருக்கும்போது 13.1ஐ வைத்து அதற்குள் என்ன ஏறும்? ஓட்டிக்கொண்டு வருகிற நேரம் முழுக்கப் பேட்டரி பட்டினி கிடக்கிறது.

ஆனால் இதை வைத்து டைனமோவைக் குற்றம் சொல்ல முடியாது. பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை வயலுக்கு வரவில்லை என்றால், அணையில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிடுவோமா? கால்வாயைப் போய்ப் பார்ப்போம். கரண்டுக்கு இன்னொரு விஷயம் உண்டு. போக ஒரு கால்வாய் இருந்தால் போதாது, திரும்பி வரவும் ஒன்று வேண்டும். இரண்டில் எது அடைத்தாலும் ஓட்டம் குறையும். திரும்பி வரும் வழிதான் எர்த். அதை யாரும் பார்ப்பதில்லை.

மறுபடி எல்லா லோடும் போட்டு, இன்ஜின் ஓட, மூன்று அளவு எடுங்கள். டைனமோவின் பின்னால் தடித்த ஒயர் மாட்டிய போல்ட் இருக்கும், அதுதான் பி பிளஸ். அதில் சிவப்பு ஊசி, டைனமோவின் உடம்பில் கறுப்பு ஊசி. இது டைனமோ உண்மையில் எவ்வளவு தருகிறது என்று சொல்லும். அடுத்து பி பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில். அப்புறம் டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில். கடைசி இரண்டிலும் வருவது வழியில் தொலைகிற வோல்ட். பிளஸ் பக்கம் 0.3க்குள், எர்த் பக்கம் 0.2க்குள் இருக்க வேண்டும்.

ஊசி பி பிளஸ்ஸையும் பக்கத்து இரும்பையும் ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. இன்ஜின் அணைந்திருந்தாலும் அதில் கரண்டு உண்டு, பெரிய பொறி பறக்கும். தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் வேண்டாம்.

அப்படியே ஒன்று கேட்கிறேன். இந்த வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா?

உவரிக்காரன்:
நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் ஓடும்போது 14.3 சரியாக இருக்கிறது, லோடு போட்டாலும் 14க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் நாலு நாள் கடலுக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி செத்துக் கிடக்கிறது. 35 ஆம்பியர் பேட்டரி. இதற்கும் எர்த்தா?

அம்பை ஒயரிங்கடை:
உங்களுடையது வேறு. வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் குடிக்கிறது. மைனஸ் டெர்மினலைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் மைனஸ் குமிழுக்கும் நடுவில் மாட்டுங்கள். கதவு, டிக்கி எல்லாம் சாத்தி அரை மணி நேரம் காத்திருங்கள், வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும், சாவியைத் தொடாதீர்கள். கடைசியில் 0.05 ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். 0.3 என்று நின்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணி போகிறது, நாலு நாளில் 28. உங்கள் பேட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? அப்படி நின்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுக்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் கள்ளன். எந்த ஃபியூஸிலும் இறங்கவில்லை என்றால் டைனமோவின் தடித்த ஒயரைக் கழற்றிப் பாருங்கள் (முதலில் பேட்டரி மைனஸை எடுத்துவிட்டு). உள்ளே கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு ஒழுகினால் ராத்திரியில் டைனமோவே பேட்டரியைக் குடிக்கும்.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, பி பிளஸ்ஸில் 14.2 இருக்கிறது! பிளஸ் பக்கம் 0.15. எர்த் பக்கம் 0.95. இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், அதேதான்.

தண்ணீரில் நின்றது உண்மை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் வண்டி சிந்துபூந்துறையில் அக்கா வீட்டு வாசலில் நின்றது. சக்கரம் முழுக்க மூழ்கி பம்பர்வரை தண்ணீர், இரண்டு நாள் கழித்துத்தான் கிட்டவே போக முடிந்தது. ஆயில் எல்லாம் மாற்றினோம், கார்பெட்டைப் பிய்த்துக் காயப்போட்டோம். ஸ்டார்ட் ஆகி ஓடியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டோம்.

அம்பை ஒயரிங்கடை:
கணக்கைப் பாருங்கள். டைனமோ 14.2 தருகிறது. போகும் வழியில் 0.15, திரும்பும் வழியில் 0.95 தொலைகிறது. மிச்சம் பேட்டரிக்கு 13.1. நீங்கள் முதலில் எடுத்த அதே அளவு. உங்கள் டைனமோ நல்ல டைனமோ தம்பி, அதன்மேல் கை வைக்காதீர்கள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாடிக்கும் அவற்றுக்கும் நடுவில் கரண்டு போக ஒரு பின்னல் எர்த் ஒயர்தான் வழி. வெள்ளத்துச் சேறு அந்தப் பின்னலுக்குள் போய்த் தங்கிவிடும். காய்ந்த மாதிரி தெரியும், ஒவ்வொரு மழைக்கும் ஈரம் பிடித்து உள்ளுக்குள் பச்சைப் பாசி மாதிரி பூத்துக்கொண்டே இருக்கும். அந்த வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள் கடைக்கு வந்த வண்டிகளில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். பாவம், அதில் பலர் ஏற்கெனவே டைனமோவோ பேட்டரியோ மாற்றிவிட்டு வந்தவர்கள்.

உறுதி செய்ய இரண்டு சோதனை. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் இரும்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் பாருங்கள், அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து, ஜம்ப் ஒயரில் கறுப்பை மட்டும் எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் கவ்வவிட்டு, லோடு போட்டு 13.1 என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

உவரிக்காரன்:
0.32 காட்டியது. பின்னால் பார்க்கிற கேமராவும் பாட்டுப் பெட்டியும் வெளியில் மாட்டினோம், அந்த ஃபியூஸை எடுத்ததும் 0.03. சாவி போடாவிட்டாலும் கரண்டு போகிற ஒயரில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மாற்றிவிடுகிறேன். ரொம்ப நன்றி அண்ணாச்சி.

தென்காசிச் சாலை:
இதைப் படிக்கிற புது வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி மைனஸ் கிளாம்பில் சின்னச் சென்சார் உட்கார்ந்திருக்கிற வண்டிகளில் வோல்ட் ஒரே இடத்தில் நிற்காது. பேட்டரி நிறைந்திருந்தால் கம்ப்யூட்டரே டைனமோவைக் குறைக்கும், பிரேக் அடிக்கும்போது கூட்டும். ஒரு தடவை 12.8 பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள், லோடு போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். வெளியில் சார்ஜர் போட்டால் கறுப்புக் கிளிப்பை மைனஸ் குமிழில் போடாமல் பாடி எர்த்தில் போடுங்கள். அப்போதுதான் எவ்வளவு ஏறியது என்று சென்சாருக்குத் தெரியும்.

பாளைக்காரன்:
செல்ஃப் அடிக்கும்போது இன்ஜினுக்கும் மைனஸுக்கும் நடுவில் 3 வோல்ட்டைத் தாண்டியது. கறுப்பு ஒயரைக் கவ்வவிட்டதும் லோடோடு 13.95! செல்ஃபும் ஒரே சுற்றில் எடுத்தது. புது பேட்டரி போட்ட அன்றுகூட இப்படி எடுக்கவில்லை.

பேட்டரியையும் அதன் தட்டையும் கழற்றிப் பார்த்தேன். கியர்பாக்ஸ் முனையில் எர்த் பின்னல் பச்சையும் வெள்ளையுமாகப் பொடிந்து, கையால் வளைத்ததும் பாதிக் கம்பிகள் உதிர்ந்துவிட்டன. புதுசு 350 ரூபாய். இரண்டு முனை உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலைன் தடவினேன். இப்போது லோடோடு பேட்டரியில் 14.0, எர்த் பக்கம் 0.05.

அம்பை ஒயரிங்கடை:
முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் வாசலைன் தடவினீர்கள், அதுதான் சரியான வரிசை.

பேட்டரியை அப்படியே விடாதீர்கள். மாதக்கணக்கில் பாதி வயிற்றோடு கிடந்த பேட்டரியின் தகட்டில் சல்பேட் படியும், நாள் போகப் போக அது கெட்டியாகிவிடும். வண்டி ஓட்டி நிரப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளியில் கொடுத்து, குறைந்த ஆம்பியரில் ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடச் சொல்லுங்கள். மாட்டி ஒரு நாள் நின்ற பிறகு அளந்து பாருங்கள்.

பாளைக்காரன்:
போட்டாயிற்று. ஒரு நாள் நின்ற பிறகு 12.65. நேற்று ராத்திரி மழையில் நாங்குநேரி போய்வந்தேன், இன்று காலை 12.6. அம்மாவுக்கு அடுத்த செவ்வாய் மறுபடி ஆஸ்பத்திரி. நீங்கள் எல்லோரும் செய்தது பெரிய உதவி.

ஒரே ஒரு சந்தேகம். ஐடிலிங்கில் டைனமோ பக்கம் லேசாக 'உர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. முன்பே இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

அம்பை ஒயரிங்கடை:
அது பேரிங்காக இருக்கலாம், வெள்ளத்துச் சேறு அதற்குள்ளும் போயிருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றி, டைனமோ புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைகிற மாதிரி இருந்தாலோ ஆடினாலோ பேரிங் மட்டும் மாற்றினால் போதும். ஹெட்லைட் பக்கத்துச் சின்ன எர்த் ஒயர்களும் அதே தண்ணீரில்தான் நின்றன, அவற்றையும் ஒரு தடவை கழற்றித் தேய்த்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி.