180எஸ்எக்ஸ்ல 1ஜேஸெட், டபிள்யூ58 மூணாவது கியர் காலி – அடுத்து எந்த கியர்பாக்ஸ் போடலாம்?

தேக்கா_டர்போ

அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். என்கிட்ட நிசான் 180எஸ்எக்ஸ் ஒன்னு இருக்கு, அதோட எஸ்ஆர்20 எஞ்சினை இறக்கிட்டு டொயோட்டா 1ஜேஸெட் விவிடிஐ எஞ்சின் ஏத்தியிருக்கு, ஜேஸெட்எக்ஸ்100 சேஸர் ஆட்டோ ஹாஃப்கட்ல (பாதியா வெட்டி விக்கிற வண்டி) இருந்து எடுத்தது. முதல்லயே சொல்லிடறேன், வண்டி சிங்கப்பூர்ல இல்ல, ஜேபியில (ஜொகூர் பாரு) எங்க சித்தப்பா வொர்க்‌ஷாப்ல நிக்குது, ரோட்டுல ஓட்டறதே இல்ல, லாரியில ஏத்தி செப்பாங் கொண்டு போய் ட்ராக்ல மட்டும்தான் ஓட்டறது. அதனால எல்டிஏ (சிங்கப்பூர் போக்குவரத்து ஆணையம்) கதையை யாரும் ஆரம்பிக்காதீங்க லா.

கியர்பாக்ஸ் டபிள்யூ58, அப்போ சல்லிசா கிடைச்சுதுன்னு போட்டது. ஸ்டாக் டர்போ இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. பெரிய டர்போ மாத்தி டியூன் பண்ணதுக்கப்புறம் வீல்ல 410 ஹெச்பி (6600 ஆர்பிஎம்), டார்க் 520 நியூட்டன் மீட்டர், அது 4200லயே வந்துடுது. டைனோவுல (வண்டியோட பவரை அளக்கிற மெஷின்) நாலாவது கியர்ல எத்தனை தடவை இழுத்தும் ஒன்னும் ஆகல, செப்பாங் போனா மூணாவதுல முழுசா மிதிச்சதும் டமார்னு ஒரு சத்தம், அதோட மூணு இல்ல. திறந்து பாத்தா பல்லு வரிசையா போயிருக்கு, ஆயில்ல துண்டு துண்டா கிடக்கு.

ஆர்154ஆ, சிடி009ஆ, டி56ஆ? கெட்ராக் வி160 வேணாம், அந்த விலைக்கு இன்னொரு வண்டியே வாங்கிடலாம். டிஃப் (பின் சக்கரத்துக்கு பவரை பிரிச்சு குடுக்கிற பெட்டி) நிசான் ஆர்200, ரேஷியோ 4.083. டயர் 245/40 17.

உட்லண்ட்ஸ்_ராஜா

ஆர்154. வேற என்ன கேள்வி? 1ஜேஸெட்டுக்கு டொயோட்டாவே போட்டு குடுத்த பெட்டி, பெல்ஹவுசிங் நேரா உக்காரும், அடாப்டர் வேணாம், கட்டிங் வேணாம். மார்க் டூ, சேஸர், பழைய 70 சுப்ரா எல்லாத்துலயும் இதுதான. 400 ஹெச்பியெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல. மத்ததெல்லாம் யூடியூப் பாத்துட்டு காசை கரைக்கிற வேலை.

பல்சக்கரம்

ராஜா சொல்றது பாதி சரி, மீதிக்கு அப்புறம் வரேன். முதல்ல உங்க டபிள்யூ58 ஏன் டைனோவுல தாங்கி ட்ராக்ல போச்சுன்னு புரிஞ்சுக்கிட்டா அடுத்த பெட்டி எதுன்னு முடிவு பண்றது சுலபம்.

நாலாவது கியர் 1.000, அதாவது டைரக்ட். இன்புட் ஷாஃப்ட்டும் மெயின் ஷாஃப்ட்டும் நேரா பூட்டிக்கும், கீழ இருக்கிற கவுண்டர் ஷாஃப்ட் சும்மா சுத்திக்கிட்டிருக்கும், எந்த பல்லு மேலயும் பாரம் கிடையாது. அதனால டைனோவுல நாள் பூரா நாலாவதுல இழுத்தாலும் பெட்டியோட பலம் என்னன்னு ஒன்னும் தெரியாது. மூணாவதுல அப்படி இல்ல, மொத்த டார்க்கும் இன்புட் பல்லு வழியா கவுண்டர் ஷாஃப்ட்டுக்கு இறங்கி திரும்ப மூணாவது ஜோடி வழியா மேல ஏறணும். பல்லு சாய்வா வெட்டியிருக்கிறதால ரெண்டு ஷாஃப்ட்டும் ஒன்னை ஒன்னு தள்ளும், அலுமினிய கேஸ் கொஞ்சம் விரியும், விரிஞ்சா பல்லு நுனியில மட்டும் கவ்வும், அப்புறம் என்ன, உடையும். ஒன்னு ரெண்டுல ஏன் போகலன்னு கேப்பீங்க, அதுல டயர் சுத்திடும், டயர் பிடிக்கிற அளவுக்குத்தான் பெட்டிக்கு பாரம் வரும். மூணாவதுலதான் டயர் நல்லா பிடிக்கும், எஞ்சின் குடுக்கிறதெல்லாம் அப்படியே பல்லு மேல விழும்.

இன்னொன்னு, எல்லாரும் ஹெச்பியையே பேசறோம், பெட்டிக்கு ஹெச்பி தெரியாது, டார்க்தான் தெரியும். 6600ல 410 ஹெச்பின்னா அந்த இடத்துல டார்க் கிட்டத்தட்ட 440தான். 4200ல 520 வருதே, அங்க ஹெச்பி 306தான், ஆனா பல்லை உடைக்கிறது அந்த இடம்தான். ஸ்டாக் விவிடிஐ 1ஜேஸெட் 380கிட்ட. அதுவும் எஞ்சின் கணக்கு, உங்களோடது வீல் கணக்கு, அப்போ எஞ்சின்ல இன்னும் கூட. டர்போ இல்லாத சுப்ராவுக்கு வந்த பெட்டி மேல இதை ஏத்தினா அது என்ன பண்ணும் பாவம்.

தேக்கா_டர்போ

அட இப்பதான் விளங்குது, டைனோக்காரர் கூட பெட்டி ஸ்ட்ராங்கா இருக்குன்னு சொன்னார். சரி அப்போ ஆர்154 போதுமா அண்ணே? அடுத்த வருஷம் பூஸ்ட் கொஞ்சம் ஏத்தற ஐடியா வேற இருக்கு.

பல்சக்கரம்

நல்ல நிலையில இருக்கிற ஆர்154 இப்ப உள்ள 520ஐ தாங்கும். ஆனா அதுக்கும் சில வியாதி இருக்கு, முதல் கியர் பக்கத்துல இருக்கிற த்ரஸ்ட் வாஷர், அப்புறம் பேரிங்கை பிடிக்கிற ரீடெய்னர் பிளேட், ரெண்டையும் பலமானதா மாத்தாம பெரிய டார்க் போடறது சூதாட்டம். 7000ல வேகமா மாத்தினா ரெண்டாவது மூணாவது சிங்க்ரோ (கியர் உரசாம சேர உதவற வளையம்) முரண்டு பிடிக்கும். இப்ப சந்தையில இருக்கிறதெல்லாம் இருபது முப்பது வருஷ சாமான், ஜேபியில யார் குடுத்தாலும் உள்ள என்ன இருக்குன்னு திறக்காம தெரியாது. திறந்து, சிங்க்ரோ, பேரிங், வாஷர் எல்லாம் போட்டு முடிச்சா சிடி009 விலைக்கு பக்கத்துல வந்து நிக்கும்.

சிடி009 நிசான் ஃபேர்லேடி இஸெட்33ல, அதாவது 350இஸெட்ல வர்ற ஆறு கியர் பெட்டி. ஆரம்பத்துல வந்த 350இஸெட் பெட்டியில சிங்க்ரோ பிரச்சனை இருந்துச்சு, நிசான் திருத்தி திருத்தி கொண்டு வந்தது 009, அதனாலதான் எல்லாரும் அந்த நம்பரையே தேடறாங்க. 520 அதுக்கு ஒரு பாரமே இல்ல, பூஸ்ட் ஏத்தினாலும் கவலை வேணாம்.

ஆனா ரேஷியோ பாக்காம வாங்கிடாதீங்க. ஆர்154 ரேஷியோ 3.251, 1.955, 1.310, 1.000, 0.753. சிடி009 ரேஷியோ 3.794, 2.324, 1.624, 1.271, 1.000, 0.794. உங்க 245/40 17க்கு ஒரு சுத்து ஏறக்குறைய 1.97 மீட்டர், 4.083 டிஃபோட 7000 ஆர்பிஎம்ல கணக்கு போட்டா சிடி009 முதல் கியர் 53ல முடிஞ்சிடும், ரெண்டாவது 87, மூணாவது 125, நாலாவது 160, அஞ்சாவது 203. செப்பாங்ல கடைசி ஹேர்பின் முடிஞ்சு மெயின் ஸ்ட்ரெய்ட்ல ஏறும்போது கியர் மாத்தி மாத்தியே கை வலிக்கும், ஸ்ட்ரெய்ட் முடியற நேரத்துல ஆறாவது வேற போடணும். இதைத்தான் பல பேர் பெட்டி போட்டதுக்கப்புறம் வண்டி ஸ்லோ ஆயிடுச்சுன்னு புலம்பறது.

350இஸெட்டுக்கு நிசான் குடுத்த டிஃப் 3.538. முதல் கியரையும் டிஃபையும் பெருக்கி பாருங்க, 3.794 தரம் 3.538, 13.4 வருது. உங்க டபிள்யூ58 முதல் கியர் 3.285, 4.083ஆல பெருக்கினா அதுவும் 13.4தான்! ஆக பெட்டியோட டிஃபையும் மாத்தினா வண்டி கிளம்பறது இப்ப மாதிரியே இருக்கும், மேல கியர் நெருக்கமா கிடைக்கும், அஞ்சாவது 234 வரைக்கும் இழுக்கும். 3.538 ஆர்200 கிடைக்கலன்னா எஸ்15 சில்வியா ஸ்பெக்-ஆரோட 3.692 தேடுங்க, அதுல அஞ்சாவது 224, ரெண்டாவது 96. எஸ்13 (உங்க 180எஸ்எக்ஸோட சேஸி) சப்ஃப்ரேம்ல போட பின் கவர், ஆக்ஸில் ஃப்ளாஞ்ச் எல்லாம் பாத்துக்கணும், ஆனா நடக்கிற வேலைதான்.

டி56 பலம் சந்தேகமே இல்ல, ஆனா அதோட ஆறாவது 0.50, அமெரிக்கா ஹைவேயில எண்ணெய் மிச்சம் பிடிக்க வச்சது, செப்பாங்ல அதை எங்க போடப்போறீங்க.

பூன்லே_பையன்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும், ஏன் யாரும் ஆட்டோ பேச மாட்டேங்கறீங்க? பிஎம்டபிள்யூல வர்ற இஸெட்எஃப் 8ஹெச்பி, தனி கண்ட்ரோலர் வச்சு ஜேஸெட்டுக்கு இப்ப நிறைய பேர் போடறாங்க, 8ஹெச்பி70 பேர்லயே 700 நியூட்டன் மீட்டர்னு இருக்கு. பேடில் தட்டினா போதும். அப்புறம் இன்னொரு கேள்வி, என்கிட்ட இங்க சிங்கப்பூர் பிளேட் டொயோட்டா 86 ஒன்னு இருக்கு, இதே மாதிரி எஞ்சின் மாத்தி ஓட்டலாமா?

உட்லண்ட்ஸ்_ராஜா

தம்பி ரெண்டாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். எல்டிஏ அனுமதி இல்லாம எஞ்சின் மேல கை வைக்காத, வேற மாடல் எஞ்சின் போட அனுமதி கிடைக்கும்னு கனவும் காணாத. சிஓஇ (வண்டி வச்சிருக்கிற உரிமம்) கட்டின வண்டியை இன்ஸ்பெக்‌ஷன்ல நிக்க வச்சுட்டு அழுவாத. பிரேக், டயர், சஸ்பென்ஷன் நல்லா பண்ணி அப்படியே செப்பாங் ஓட்டிட்டு வா, 86க்கு அதுவே போதும்.

பல்சக்கரம் அண்ணே, கணக்கெல்லாம் சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா சிடி009க்கு பெல்ஹவுசிங் கேஸோட ஒரே வார்ப்பு, அதை அறுத்து எடுத்துட்டு அடாப்டர் பிளேட் போடணும், அறுத்தா அறுத்ததுதான், திரும்ப விக்க முடியாது. கியர் குச்சி பின்னாடி தள்ளி வரும், டன்னல் வெட்டணும், இல்லன்னா ஷிஃப்டரை முன்னாடி கொண்டு வர்ற கிட் வாங்கணும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் புதுசு, கிராஸ்மெம்பர் புதுசு, ஃப்ளைவீல், கிளச் புதுசு. இப்ப நீங்க டிஃபும் மாத்த சொல்றீங்க. இதையெல்லாம் கூட்டினா எத்தனை ஆயிரம் வெள்ளி, அதையும் ஒரு கணக்கு போடுங்களேன்.

கிழட்டு_ஸ்பேனர்

ராஜா கேட்டது நியாயம். நான் ஜேபி பக்கம் வேலை செய்யறவன், ரெண்டு பெட்டியும் ஏத்தி இறக்கியிருக்கேன், அதனால பெட்டியோட பேரை விட்டுட்டு போடற விதத்தை சொல்றேன், ஏன்னா நல்ல பெட்டியை கெடுக்கிறது பெரும்பாலும் அங்கதான்.

அடாப்டர் பிளேட் போட்டா டயல் கேஜ் வச்சு சென்டர் பாக்காம மூடாதீங்க. கிராங்க் மேல கேஜை மாட்டி ஒரு சுத்து சுத்தி பாக்கணும், பழைய கணக்கு 5 தவ், அதாவது 0.13 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அதுக்கு மேல போனா இன்புட் ஷாஃப்ட் கோணலா நிக்கும், பைலட் பேரிங் (கிராங்க் நுனியில இன்புட் ஷாஃப்ட்டை தாங்கற பேரிங்) கத்தும், சிங்க்ரோ தேயும், கடைசியில சிடி009 சரியில்லன்னு பேர் வரும். ஹாஃப்கட் ஆட்டோன்னு சொன்னீங்க, ஆட்டோ கிராங்க்ல பைலட் பேரிங் இருக்காது, டபிள்யூ58 போட்டப்ப என்ன சைஸ் போட்டாங்கன்னு பாருங்க, புது ஷாஃப்ட்டுக்கு வேற சைஸ் வேணும்.

கிளச் என்ன போட்டிருக்கீங்கன்னு சொல்லவே இல்ல. ஸ்ப்ரிங் இல்லாத பக் கிளச்னா (உராய்வுப் பட்டை தனித்தனி துண்டா இருக்கிறது) ஒவ்வொரு தடவை விடும்போதும் பெட்டிக்கு சுத்தியல் அடிதான். நடுவுல ஸ்ப்ரிங் இருக்கிற ட்வின் பிளேட் போடுங்க. பின்னாடி சப்ஃப்ரேம் புஷ், டிஃப் புஷ் போயிருந்தா டயர் குதிக்கும், அந்த குதியும் மூணாவது பல்லுக்குத்தான் போய் சேரும். ஆயிலுக்கு சிடி009க்கு நிசான் சொல்றது ஜிஎல்-4, 75டபிள்யூ-85. கடையில ஜிஎல்-5தான் கெட்டியானது நல்லதுன்னு தள்ளி விடுவாங்க, அது டிஃபுக்கு, சிங்க்ரோவுக்கு இல்ல.

வாங்கும்போது வெறும் பெட்டியா இல்லாம ஹாஃப்கட்டோட வர்ற இஸெட்33 பெட்டியா பாருங்க, டிரெய்ன் போல்ட்டை கழட்டி காந்தத்துல என்ன ஒட்டியிருக்குன்னு பாக்க விடலன்னா அடுத்த கடைக்கு போயிடுங்க. சாம்பல் பசை மாதிரி இருந்தா பரவால்ல, கையில குத்தற மாதிரி துண்டு இருந்தா வேணாம்.

பையன் கேட்ட 8ஹெச்பி நல்ல பெட்டிதான், ஆனா வயரிங், கூலர், கண்ட்ரோலர் டியூனிங் தெரிஞ்சவன் பக்கத்துல இருக்கணும். செப்பாங் சூட்டுல ஆட்டோ ஆயில் கொதிக்கும், பெரிய கூலர் இல்லாம அதை யோசிக்கவே வேணாம்.

பல்சக்கரம்

ராஜாவுக்கு பதில்: 520ஓட நிறுத்திக்குவேன், பூஸ்ட் ஏத்த மாட்டேன்னு தம்பி சொன்னா நானும் ஆர்154தான் சொல்வேன், முழுசா ரீபில்ட் பண்ணி, வாஷர் பிளேட் மாத்தி. அதுல டிஃப் தொட வேணாம், 4.083க்கு அதோட ரேஷியோ ஏற்கனவே பொருந்துது, ரெண்டாவது 104, மூணாவது 155, செப்பாங்குக்கு நல்ல இடைவெளி. ஆனா பூஸ்ட் ஏத்தப்போறேன்னு அவரே சொல்றாரே, அப்போ ரெண்டு தடவை செலவு பண்றதுக்கு ஒரு தடவை பண்றது மேல்.

எந்த பெட்டியா இருந்தாலும் டியூனர்கிட்ட கியருக்கு தகுந்த மாதிரி பூஸ்ட் வைக்க சொல்லுங்க. மூணாவதுல 3500ல இருந்து 5000 வரைக்கும் பூஸ்ட்டை கொஞ்சம் அமுக்கி, மேல முழுசா விட்டா 410 ஹெச்பி அப்படியே இருக்கும், அந்த 520 மேடு மட்டும் 450க்கு இறங்கும். லேப் டைம்ல பெரிசா ஒன்னும் தெரியாது, ஏன்னா ட்ராக்ல நீங்க 5000க்கு மேலதான் இருப்பீங்க. ஸ்டாண்ட்அலோன் ஈசியூவா (கம்பெனி கம்ப்யூட்டருக்கு பதிலா போடற தனி எஞ்சின் கம்ப்யூட்டர்)?

தேக்கா_டர்போ

ஆமா அண்ணே ஸ்டாண்ட்அலோன்தான், ஸ்பீட் சென்சர் இருக்கு, கியர் கண்டுபிடிச்சுக்கும்னு டியூனர் சொன்னார். கிளச் பக்தான், ஸ்ப்ரிங் இல்ல, கிழட்டு அண்ணன் சொன்னதை படிச்சதும் சித்தப்பா பக்கத்துல இருந்து சிரிக்கிறார், அவர் ஆரம்பத்துலயே வேணாம்னார்.

சிடி009ன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா ராஜா அண்ணன் சொன்ன அந்த டன்னல் வெட்டறதுதான் உறுத்துது. ஷிஃப்டரை முன்னாடி கொண்டு வர்ற கிட் போட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா, எஸ்13ல ஸ்டாக் ஓட்டையிலயே குச்சி வருதா இல்ல அப்பவும் கொஞ்சம் வெட்டணுமா? கிட்ல ஆட்டம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். டிஃபுக்கு எஸ்15 3.692 தேட ஆரம்பிச்சாச்சு.

கிழட்டு_ஸ்பேனர்

கிட் போட்டாலும் டன்னல் ரெண்டு பக்கமும் சுத்தியலால கொஞ்சம் தட்டி அகலப்படுத்த வேண்டி வரும், பெட்டி தடிமன். வெட்டறது குச்சி ஓட்டையோட பின் விளிம்புல ஒரு ரெண்டு விரல் அளவு. ஆட்டம் வர்றது ராட் ஜாயிண்ட்ல, நல்ல ரோஸ் ஜாயிண்ட் வச்ச கிட்டா பாத்து வாங்குங்க. எஞ்சினை ஏத்தி மவுண்ட் இறுக்கினதுக்கப்புறம் பெட்டி கோணமும் டிஃப் கோணமும் அளந்துட்டு அப்புறமா புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்துக்கு ஆர்டர் குடுங்க, முன்னாடியே குடுத்துடாதீங்க.