பெயர் தெரியாத மரத்துக் காவலுக்கு நாமே பெயரிடலாமா?

கேட்பவர்: தட்டோன் தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் தட்டோன் பக்கம் நாங்கள் வாங்கிய தோட்டத்தின் மூலையில் ஓர் ஆலமரமும், அதன் அடியில் முந்தைய பர்மியக் குடும்பம் வைத்துவிட்டுப் போன சிறு நாட் மாடமும் (நாட் என்பது பர்மியர் கும்பிடும் காவல் ஆவி) இருக்கின்றன. மாடத்தில் உருவம் எதுவும் இல்லை. விற்றவர்களைக் கேட்டதற்கு, ‘மரத்துக்கு உரியவர்’ என்று மட்டும் சொன்னார்கள். என் மாமியார் அதை முனி என்கிறார். சடாமுனி என்று பெயரிட்டுக் கல் நாட்டி, ஆண்டுதோறும் பொங்கல் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எங்களுக்குத் தெரிந்த மாந்திரீகர் ஒருவரோ, பெயரைப் பிடித்தால்தான் அது கட்டுக்குள் நிற்கும், பெயரில்லாததற்குப் படைத்தால் கண்டதும் வந்து உண்ணும் என்று பயமுறுத்துகிறார். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மாள், அதைப் பெயர் சொல்லி அழைக்கவே வேண்டாம் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: இரங்கூன் உடுக்கைக்காரர்

தம்பி, மாந்திரீகர் சொல்வது பேயோட்டும் முறை. பிடித்திருப்பது இன்னதென்று அறிய உச்சிமுடியைப் பற்றிப் பெயர் கேட்பதும், போய்விடுகிறேன் என்று சத்தியம் வாங்குவதும், பின்னர் அந்த முடியைப் புளியமரத்தில் ஆணியடிப்பதும் ஒன்றை வெளியேற்றுவதற்காகச் செய்யப்படுபவை. காவலாக வைத்துக் கும்பிட நினைப்பதிடம் அந்த அதட்டலை யாரும் காட்டுவதில்லை.

காவல் தெய்வத்தை அழைக்கும்போது வெறும் பெயரை ஆயிரம் முறை உருவேற்றினாலும், அதன் கதை தெரியாதவர் வாயில் அந்தப் பெயருக்குப் பிடி கிடையாது என்பதே என் தகப்பனார் காட்டிய வழி. மதுரை வீரனை வர்ணிக்கும்போது, அவன் பிறந்ததிலிருந்து மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டது வரை உடுக்கை அடித்துப் பாடிக்கொண்டே போவோம். அந்த இடம் வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் இறங்கும். உங்கள் மரத்தில் இருப்பதன் கதை யாருக்கும் தெரியாதபோது, சடாமுனி என்ற பெயரை எங்கிருந்து எடுத்து அதன்மேல் வைப்பீர்கள்? அது தானே ஒருவர்மேல் இறங்கி, நாலு பேர் முன்னிலையில் தன்னை இன்னாரென்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். அதுவரை ‘ஐயா’ என்றே விளக்கு வையுங்கள்.

மறுமொழி: மண்டலே வாசகி

உடுக்கைக்கார ஐயா சொன்னது நாட் வழிபாட்டுக்கும் பொருந்தும். நாட் விழாவில் நாட்கடாவ் என்னும் அருளாடி ஒவ்வொரு நாட் ஆவியையும் அதற்கே உரிய பாட்டால்தான் வரவேற்கிறார். பொப்பா மலையின் மகாகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது அவர் தகவுங் ஊரின் கொல்லர், பெயர் டின் டே. அவருடைய பலத்துக்கு அஞ்சிய அரசன் அவர் தங்கையை மணந்துகொண்டு, அவரை நயமாக வரவழைத்து, செண்பக மரத்தில் கட்டி எரித்தான். தங்கையும் அதே தீயில் பாய்ந்தாள். இருவரும் அந்த மரத்திலேயே தங்கி நிழலுக்கு வந்தவர்களைக் கொன்றதால், மரத்தை வேரோடு பிடுங்கி ஐராவதி ஆற்றில் விட்டார்கள். அது பாகனில் ஒதுங்கிய பிறகு உருவம் செதுக்கிப் பொப்பாவில் வைத்தார்கள். மகாகிரி என்பது மலையில் இடம் கிடைத்த பின் வந்த பட்டம். தீயில் வெந்தவருக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று இன்றும் வீடுகளில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் கட்டுகிறார்கள். 1044இல் அரியணை ஏறிய பாகன் அரசர் அனவ்ரதாவாலும் நாட் வழிபாட்டை ஒழிக்க முடியாமல், இந்திரனாகிய தகியாமினைத் தலைமையில் வைத்து முப்பத்தேழு பேர் என்று வரிசை வகுத்ததாகச் சொல்வார்கள்.

உங்கள் மரத்தில் இருப்பவர் அந்த வரிசையில் இல்லாதவராகவும் இருக்கலாம். மரத்தில் குடியிருக்கும் காவலை இங்கே யொக்கசோ என்பார்கள். தனிப்பெயர் இருக்காது, கதை இருக்காது, பூவும் தண்ணீரும் போதும். விற்றவர்கள் ‘மரத்துக்கு உரியவர்’ என்று சொன்னது மழுப்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் அழைத்துவந்த முறையே அதுவாக இருக்கும்.

மறுமொழி: மோல்மீன் பெரியவர்

இருவரும் சொல்வது சரிதான், ஆனாலும் பெயரிடவே கூடாது என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. 1852க்குப் பின் ஆங்கிலேயர் வசமான கீழ்ப்பர்மாவின் வயல்களுக்கு வந்த நம் முன்னோர், அறியாத மண்ணில் மரத்தடிக் கல்லுக்கு முனி என்று பெயரிட்டுத்தானே காலூன்றினார்கள்? அவர்கள் எல்லாரும் அருள்வாக்குக்காகக் காத்திருந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

நான் அஞ்சுவது வேறு. பெயரோடு படையல் முறையும் சேர்ந்தே வரும். தவுங்பியோன் ஊரில் கும்பிடப்படும் அண்ணன் தம்பி நாட் ஆவிகளின் தகப்பன் பியாட்டா, தட்டோனில் கரையேறிய இந்திய முஸ்லிம் என்பது கதை. அதனால் அந்தக் கோயிலில் இன்றும் பன்றி இறைச்சி ஆகாது. அதுபோல முனி என்று நீங்கள் பெயர் வைத்துவிட்டால் கிடாயும் சாராயமும் சுருட்டும் கேட்கப்படும். பூவும் தண்ணீரும் பெற்றுவந்த இடத்தில் இரத்தம் சிந்தினால் பக்கத்து வீட்டு அம்மாள் என்ன நினைப்பார்? நாளைக்கு உங்கள் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போய்விட்டால் கிடாய் வெட்டுவது யார்?

மாமியாரின் மனத்தையும் முறிக்க வேண்டாம். மாடத்தைத் தொடாமல், தோட்டத்தின் எதிர் மூலையில் சடாமுனிக்குக் கல் நாட்டலாமா என்று சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் கட்டிப்போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வந்தால் நாட்டுங்கள், சிவப்பு வந்தால் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். எது வந்தாலும், மாடத்துக்குப் பூ வைப்பதைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டு அவர்கள் முறைப்படியே செய்துவாருங்கள்.